அரை விலைக்கு அசுர வேகம்!

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கிறார்களா? அப்படியானால் என்றைக்காவது ஒரு நாள் உங்களுக்கு டெலிபோன் வரும். "அப்பா! ஒரு கார் பார்த்திருக்கிறேன். பிரமாதமான வண்டி. நல்ல நிலையில் இருந்தால் இருபதாயிரம் டாலர் பெறும். பத்தாயிரத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்கிறான். எஞ்சினிலே ஏதோ சின்னச் சத்தம், அவ்வளவுதான்!" என்று ஆனந்தம் பொங்கும் குரலில் சொல்வார்கள்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? "உடைசல் வண்டி நமக்கு எதற்கு?" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். வாலிபர்கள் அதைக் கேட்கப் போவதில்லை என்பது ஒரு புறம் இருக்கட்டும். அது எப்போதும் சரியான பதிலும் அல்ல. சில சமயம் அந்த வண்டி வாங்கத் தக்கதாகவே இருக்கலாம். எப்போது வாங்கலாம், எப்போது திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வண்டியின் எந்தப் பாகம் உடைந்தது என்பதைக் காட்டிலும், உடைந்த தூள் எங்கெங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கின் முதல் வரி.

அரை விலைக்கு வரும் வேக வண்டிகளில் பல ஜாதி உண்டு. எல்லாவற்றையும் பற்றிப் பேசினால் ஒன்றும் விளங்காது. ஆகையால் அமெரிக்காவின் பழைய கார்ச் சந்தையில் அடிக்கடி தென்படும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜப்பான் தேசத்து ஸுபாரு கம்பெனியின் 'டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ.' என்ற வண்டி அது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும்! 2004-ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் இறங்கி, 2021-ஆம் ஆண்டு மாடலோடு நின்றுவிட்டது. இப்போது வேண்டுமென்றால் யாராவது ஓட்டின வண்டியைத்தான் வாங்க வேண்டும்.

'ஸுபாரு' என்றால் என்ன தெரியுமோ? நம்முடைய கார்த்திகை நட்சத்திரத்துக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் அது. வண்டியின் முகப்பில் உள்ள சின்னத்தை எண்ணிப் பாருங்கள்: பெரிய நட்சத்திரம் ஒன்று, சிறியவை ஐந்து, ஆக ஆறு. முருகப் பெருமானுக்குப் பாலூட்டிய கார்த்திகைப் பெண்கள் அறுவர் அல்லவா? ஜப்பானியர் கணக்கிலும் ஆறுதான். ஆனால் அவர்களுடைய காரணம் வேறு. யுத்தத்துக்கு முன்னால் ஆகாய விமானங்கள் செய்துகொண்டிருந்த நாகாஜிமா கம்பெனி, யுத்தம் முடிந்ததும் பல துண்டாக உடைக்கப்பட்டது. அதன் வாரிசுகளான ஐந்து கம்பெனிகள் 1953-இல் ஒன்று சேர்ந்து ஆறாவதாக ஒரு கம்பெனியை உண்டாக்கின. அதுதான் ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ். 2017-இல் அதுவும் பெயரை மாற்றிக்கொண்டு ஸுபாரு கார்ப்பரேஷன் ஆகிவிட்டது.

காடு மேடு, பனி, சகதி என்று பாராமல் ஓடும் உலக ராலிப் பந்தயத்தில் இந்தக் கம்பெனியின் கார்களை ஓட்டி 1995-இல் காலின் மக்ரே, 2001-இல் ரிச்சர்ட் பர்ன்ஸ், 2003-இல் பெட்டர் ஸோல்பெர்க் ஆகியோர் சாம்பியன் பட்டம் பெற்றார்கள். அந்தப் பந்தய வண்டிக்குச் சகோதரன் மாதிரியான ஒன்றை, ஆபீஸுக்குப் போகிறவனும் வாங்கலாம், பின் ஸீட்டில் குழந்தையை உட்கார வைக்கலாம், காய்கறி வாங்கி வரலாம் என்றால் இளவட்டங்களின் நெஞ்சு பதறாதா? பதறுகிறது. அதனால்தான் இத்தனை கூத்தும்!

சரி, 'டர்போ' என்கிறார்களே, அது என்ன மாயம்?

மாயம் ஒன்றுமில்லை. உங்கள் பாட்டி விறகடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதுவாளே, அதேதான். காற்று அதிகமானால் நெருப்பு அதிகமாகும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணித்தால் கூடவே பெட்ரோலையும் அதிகமாக எரிக்கலாம். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். ஊதுவதற்குப் பாட்டி வேண்டாமா என்று கேட்டால், எஞ்சினிலிருந்து வெளியே போகும் புகையையே பாட்டியாக்கிவிட்டார் ஆல்ஃப்ரெட் பூஹி என்ற ஸ்விட்ஸர்லாந்து எஞ்சினீயர். புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறு நுனியில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை உள்ளே தள்ளும். 1905-இலேயே இதற்குப் பேடண்ட் வாங்கிவிட்டார் மனிதர். இன்றைய கார்களில் இந்தச் சக்கரங்கள் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கின்றன. புகைப் பக்கம் நெருப்பாய்க் கொதிக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தண்டைக் காப்பாற்றுவது எண்ணெய்தான். அந்த எண்ணெய் சிறிது நேரம் வராவிட்டாலும் தீர்ந்தது கதை.

டர்போ வண்டி வாங்குகிறவர்கள் ஒரு பழைய சம்பவத்தை அறிந்துகொள்வது நல்லது. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் கம்பெனி 'ஜெட்ஃபயர்' என்ற டர்போ காரை வெளியிட்டது. எஞ்சினுக்குள் வெடிப்பு மிதமிஞ்சிப் போகாமல் இருக்க, தண்ணீரும் மெதனாலும் கலந்த ஒரு திரவத்தைச் சிறு தொட்டியில் ஊற்றி வைக்க வேண்டும். அதற்கு 'டர்போ ராக்கெட் திரவம்' என்று கம்பீரமாக நாமகரணமும் செய்திருந்தார்கள். ஜனங்கள் காரை வாங்கினார்கள், வேகத்தை ரசித்தார்கள், திரவத்தை ஊற்ற மட்டும் மறந்துபோனார்கள்! கடைசியில் 1965-இல் கம்பெனியே, "டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் பொருத்தித் தருகிறோம்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. டர்போ காரின் ஆயுளில் பாதி அதன் சொந்தக்காரனுடைய பழக்கத்தில் இருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துபோன விஷயம். பழைய வண்டி வாங்குகிறவன் அந்தப் பழக்கத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறான்.

இப்போது நமது எஸ்.டி.ஐ.யின் மூடியைத் திறப்போம். உள்ளே 2,457 ஸி.ஸி. எஞ்சின், நாலு ஸிலிண்டர், 2004-இல் வந்தபோதே 300 குதிரைச் சக்தி. பிஸ்டன்கள் மேலும் கீழும் போகாமல், எதிரெதிரே படுத்துக்கொண்டு குத்துச்சண்டைக்காரர்களின் முஷ்டி போல வெளியே போய் உள்ளே வரும். டர்போ முழு மூச்சாக ஊதும்போது, சாதாரணக் காற்றழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு மடங்கு அழுத்தம் உள்ளே சேருகிறது. நல்ல எஞ்சின்தான். ஆனால் அதற்கென்று சில வியாதிகள் உண்டு. அவற்றின் ஜாதகம் அமெரிக்க மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம்.

முதல் வியாதி பிஸ்டனில். கவிழ்த்து வைத்த டம்ளர் போன்றது பிஸ்டன். இந்த எஞ்சினில் அதன் குறுக்களவு கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர். பக்கவாட்டில் வளையங்கள் உட்காருவதற்கு மூன்று வாய்க்கால்கள் வெட்டியிருக்கும். வாய்க்காலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே மெல்லிய வரப்பு இருக்கிறதல்லவா, அதை 'ரிங் லாண்ட்' என்பார்கள். அந்த வரப்பு உடைந்துபோவதுதான் வியாதி. பெரும்பாலும் நாலாவது ஸிலிண்டரில் உடைகிறது. காரணம் என்ன? பெட்ரோலும் காற்றும் ஸ்பார்க் பிளக்கின் பொறியால் ஒரு முனையிலிருந்து வரிசையாக எரிய வேண்டும். சூடும் அழுத்தமும் மிஞ்சினால் தீ வந்து சேரக் காத்திராமல் மிச்சமுள்ளதெல்லாம் ஒரேயடியாக வெடிக்கும். நாம் பற்ற வைத்த சரவெடிக்கும், தீப்பிடித்த பட்டாசுக் கடைக்கும் உள்ள வித்தியாசம் அது. இதை 'நாக்' என்கிறார்கள். ஒவ்வொரு வெடிப்பும் வரப்பின் மேல் ஒரு சம்மட்டி அடி.

வரப்பு உடைந்த வண்டி உடனே நின்றுவிடாது. அதுதான் ஆபத்து! எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும். நீலப் புகை விடும். நிற்கும்போது ஒரு கால் நொண்டுவது போல் அதிரும். சொந்தக்காரர், "இந்த ஜாதி வண்டியே இப்படித்தான் ஸார்!" என்று சமாதானம் சொல்வார்.

இரண்டாவது வியாதிதான் நம் டெலிபோனில் கேட்ட 'சின்னச் சத்தம்'. பிஸ்டனையும் க்ராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில், பிறை வடிவமான மெல்லிய பேரிங் தகடுகள் உண்டு. தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தலைமயிரின் கனத்துக்கும் குறைந்த இடைவெளிதான். அதில் ஓர் எண்ணெய்ப் படலம். எண்ணெய் குறைந்து போனாலோ, அடித்தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் குழாயின் ஒட்டு விரிசல் விட்டாலோ (இந்த எஞ்சினில் அது நடப்பதுண்டு) படலம் அறுந்து உலோகமும் உலோகமும் உரசும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 'டக் டக் டக்' என்று, கதவைத் தட்டும் கடன்காரனைப் போல் ஒரு சத்தம் எழும்பும். இன்று மெதுவாகத் தட்டுவான். இரண்டு நாளில் கதவை உடைப்பான்.

மூன்றாவது, டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் பாதையின் போல்ட்டுக்குள் உள்ள சிறு சல்லடை. இந்த 2.5 லிட்டர் எஞ்சின்களில் பலவற்றில் அது உண்டு. அழுக்கு எண்ணெயினால் அது அடைத்துக்கொண்டால் டர்போ தாகத்தால் செத்துப்போகும். டர்போ செத்தால் அதன் தூள் திரும்பவும் எஞ்சினுக்கே போகும்!

இங்கேதான் தூள் விஷயத்துக்கு வருகிறோம். பேரிங் தேய்ந்தால் பளபளவென்று பொடி உண்டாகிறது. எண்ணெய் அதைச் சுமந்துகொண்டு எண்ணெய்க் கூலர், டர்போ, மேலே வால்வுகளை ஆட்டும் தண்டு என்று க்ஷேத்திராடனம் செய்துவிடுகிறது. மெக்கானிக் எஞ்சினை இறக்கிப் புது க்ராங்க், புது பேரிங், புது பிஸ்டன் எல்லாம் போட்டுவிடுகிறார். ஆனால் பழைய கூலரைக் கழுவித் திரும்ப மாட்டிவிடுகிறார். அதன் நுண்ணிய சந்துகளில் பதுங்கியிருந்த பொடி, புது எஞ்சினின் முதல் நாளிலேயே வெளியே வந்து புது பேரிங்கைத் தின்கிறது. சில நூறு மைலில் மறுபடியும் 'டக் டக் டக்'! இரண்டு முறை எஞ்சின் வேலை செய்த வண்டிகளின் சரித்திரத்தை விசாரித்தால் பாதிக்கு மேல் இந்தக் கதையாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஆகையால் விலைக் கணக்கு இப்படிப் போட வேண்டும். ஓர் உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன். ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம் தொகை மாறும். நல்ல வண்டி 20,000 டாலர், உடைந்தது 10,000. சத்தம் பேரிங் சத்தமானால், எஞ்சின் மட்டும் அல்ல; டர்போ, கூலர், எண்ணெய்ப் பம்பு, உறிஞ்சு குழாய், டைமிங் பெல்ட், கேஸ்கெட்டுகள், கூலி எல்லாம் உங்கள் செலவு. அது 9,000 என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது ஆயிரம். எஞ்சினை இறக்கின பிறகு தெரியவரும் ரகசியங்களுக்கு அந்த ஆயிரம் காணாது. வேலை முடியும் வரை சில மாதங்கள் ஆபீஸுக்குப் போக வேறு வண்டி வேண்டும். அமெரிக்காவில் பல ஊர்களில் பஸ் கிடையாது. ஓடாத வண்டிக்குக் கடன் கொடுக்க பாங்குகளும் தயங்கும். ஆகவே போகிற பணம் சேமிப்புப் பணம். பல வீடுகளில் அது ஊருக்கு அனுப்ப எடுத்து வைத்த பணம். பத்தாயிரத்துக்கு வரும் அந்த வண்டியை ஏழாயிரத்துக்குக் கேட்க வேண்டும். கொடுக்காவிட்டால் நமஸ்காரம் சொல்லிவிட்டு வர வேண்டும்.

வரப்பு மட்டும் உடைந்து, உடனே நிறுத்திவிட்ட வண்டி என்றால் சேதம் குறைவு. சில்லு ஸிலிண்டர்ச் சுவரைக் கீறியிருக்கலாம்; சில சமயம் புகையோடு போய் டர்போச் சக்கரத்தைத் தாக்கியிருக்கலாம். ஆனாலும் எண்ணெய்ப் பாதை முழுவதும் கெட்டிருக்காது. அரை விலைக்கு இதை வாங்குவது பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

'உடனே நிறுத்தினார்' என்பதை எப்படி நம்புவது? வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். வண்டி ஸ்டார்ட் ஆகுமானால், நீங்கள் போகிற வரை யாரும் அதை ஓட்டக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் மூடியின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். 1996-ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே, எஞ்சின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு ஒரு துவாரம் உண்டு. சில பத்து டாலர் பெறும் கருவியை அதில் செருகினால், தன்னைத் தானே சோதித்துப் பார்க்கும் பரீட்சைகளை வண்டி முடித்திருக்கிறதா என்று தெரியும். 'முடியவில்லை' என்று வந்தால், யாரோ சமீபத்தில் பாட்டரியைக் கழற்றியோ வேறு விதமாகவோ அதன் ஞாபகத்தை அழித்திருக்கிறார்கள். இந்த ஸுபாருவின் கம்ப்யூட்டர் 'நாக்' வந்ததையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு பொறியின் நேரத்தைத் தானே தணித்துக்கொள்ளும். அழித்தவர்கள் அந்தச் சாட்சியத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள்.

பிறகு ஒரு சுதந்திரமான மெக்கானிக்கிடம் (விற்பவரின் சிநேகிதரிடம் அல்ல!) கொண்டுபோய் இரண்டு பரீட்சைகள் செய்யச் சொல்லுங்கள். ஒன்று கம்ப்ரெஷன். நாலு ஸிலிண்டரும் சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டுக்குக் குறையாமல், ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்க வேண்டும். ஆனால் இது சில சமயம் ஏமாற்றும். வளையத்தைச் சுற்றி எண்ணெய் நிறைந்திருந்தால் உடைந்த பிஸ்டனும் நல்ல எண்ணிக்கை காட்டும். ஆகவே இரண்டாவதான 'லீக்-டவுன்' பரீட்சை முக்கியம். ஸிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. எண்ணெய் ஊற்றும் வாயில் காது வைத்தால் 'உஸ்' என்று கேட்கிறதா? வளையங்களைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது. கடைசியாக எண்ணெயைக் கொஞ்சம் இறக்கி, வெயிலில் பார்க்கச் சொல்லுங்கள். புடவைச் சரிகை போல் மினுமினுத்தால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

எஞ்சின் சுழலவே இல்லை என்றால் இந்தப் பரீட்சை ஒன்றும் செய்ய முடியாது. அப்போது எல்லாமே போயிற்று என்று வைத்துத்தான் விலை கேட்க வேண்டும்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 1985 முதல் அமலில் உள்ள விதியின்படி, பழைய கார் விற்கும் வியாபாரி வண்டியின் ஜன்னலில் ஒரு தாள் ஒட்ட வேண்டும். உத்தரவாதம் உண்டா, 'இருக்கிறபடியே' விற்பனையா என்பதை அதில் குறித்திருக்க வேண்டும். 'இருக்கிறபடியே' என்ற கட்டத்தில் அடையாளம் போட்டிருந்தால், கேட்டைத் தாண்டினதும் உடைந்தாலும் அநேகமாக உங்கள் பாடு. தனி மனிதர் தம் வீட்டு வாசலில் விற்கும்போது இந்தத் தாள்கூட அவசியமில்லை.

எனக்கு உடைந்த வண்டியை விட அதிக பயம் தரும் விளம்பரம் ஒன்று உண்டு: "எஞ்சின் வேலை புதிதாகச் செய்தது, பிரமாதமாக ஓடுகிறது, அவசரத் தேவைக்காக விற்பனை." யார் செய்தார்கள்? கூலர் மாற்றினார்களா? ரசீது எங்கே? அத்தனை செலவு செய்து எஞ்சினைப் புதுப்பித்தவர், ஐந்நூறு மைலுக்குள் ஏன் விற்கிறார்? இந்தக் கேள்விகளுக்குக் காகிதத்தில் பதில் இல்லையானால், உடைந்ததை உடைந்தது என்று சொல்லி விற்கும் மனிதரிடமே போகலாம். அவரிடம் குறைந்தபட்சம் உங்கள் நஷ்டம் எவ்வளவு என்று தெரியும்.

வண்டி பந்தய வேஷம் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனி பொருத்தின காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று மாட்டுவது ஒரு மோகம். உள்ளே போகும் காற்றை அளக்கும் கருவி அந்தக் குழாயில்தான் இருக்கிறது. குழாய் மாறினால் அளவும் தப்பும். கம்ப்யூட்டரின் கணக்கைத் திருத்தாவிட்டால் பெட்ரோல் குறைந்து, 'நாக்' வந்து, வரப்பு உடையும். சத்தம் கம்பீரமாகத்தான் இருக்கும்!

இத்தனையும் கேட்ட பிறகும் வாங்கித்தான் தீருவேன் என்றால், வாங்கட்டும். நன்றாகச் செப்பனிட்ட எஸ்.டி.ஐ. ஓட்டுவது ஒரு தனி இன்பம் என்பதை மறுக்க முடியாது. பனி கொட்டும் மலைப் பாதையில் நாலு சக்கரமும் தரையைப் பற்றிக்கொண்டு ஏறும்போது, செலவழித்த டாலரெல்லாம் ஞாபகத்துக்கு வராது. ஆனால் பராமரிப்பு ஒரு விரதம் மாதிரி. பெட்ரோல் போடும்போதெல்லாம் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். கம்பெனியின் கையேடே அப்படித்தான் சொல்கிறது. கொள்வதே சுமார் 4 லிட்டர். அதில் ஒரு லிட்டர் குறைந்து வேகமாக வளைவில் திரும்பினால் உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கும். பெட்ரோல் உயர்ந்த ரகமாகவே இருக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடனே மிதித்து விரட்டக் கூடாது. டைமிங் பெல்ட்டை 1,05,000 மைலுக்குள் மாற்றிவிட வேண்டும். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டு, மறுபடியும் எஞ்சினை இறக்க வேண்டியதுதான்.

எஞ்சினைப் புதுப்பித்திருந்தால் முதல் 1,000 மைலுக்கு 4,000 சுற்றைத் தாண்ட வேண்டாம். புது வண்டிக்குக் கம்பெனி சொல்லும் விதி இது. புது எஞ்சினுக்கும் பொருந்தும். அதற்குள் ஒரு முறை எண்ணெயை இறக்கி, ஃபில்டரை வெட்டி, உள்ளே உள்ள காகித மடிப்பைப் பிரித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். புது எஞ்சினில் கொஞ்சம் தூள் இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. இரண்டாவது முறை இறக்கும்போது அது குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தால் சாவியைத் திருப்பாமல் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, வேலை செய்த மெக்கானிக்குக்கு டெலிபோன் செய்யுங்கள். ரசீது கையில் இருக்கட்டும்.